நட சாரின் கையைக் கழற்றப் போனது பற்றி அக்காவுக்கு விளக்கம்

பேரன்பும் பெருமதிப்பும், மறைக்க முடியாத அளவு பயமும் கொண்டு என் அக்கா அவர்களின் சமூகத்துக்கு, உடன்பிறந்த ஒரே தம்பி பணிவுடன் தெரிவித்துக்கொள்வது.

இங்கே நான், என் மனைவி, மகள் மூவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உன்னிடம் பொய் சொல்லி நான் தப்பித்ததாகச் சரித்திரம் கிடையாது. ஆகவே அவர்கள் இருவரும் நலம், நான் வலது கை நீங்கலாக நலம். அங்கே நீயும் அத்தானும் நலமாகத்தான் இருப்பீர்கள், உன் வீட்டில் யாராவது நலமில்லாமல் இருக்க நீ விட்டுவிடவா போகிறாய். கையெழுத்து மாறியிருக்கிறதே, தம்பிக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பதறி உடனே பஸ் ஏறிவிடாதே. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் பதறு. சொல்வது நான், எழுதுவது உன் தம்பி பெண்டாட்டி. நான் சொல்வதை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் எழுதுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள். (வாக்குக் கொடுத்தது உண்மைதான், அண்ணி. ஆனால் அவர் மூச்சு விடாமல் சொல்கிறார், நான் மூச்சு விட்டு விட்டுத்தான் எழுத முடியும். நடுவில் அடைப்புக்குறி வந்தால் அது நான்.)

மகள் பிறந்த அன்றைக்கு நீ தொட்டில் பக்கத்தில் நின்று அவள் விரலைப் பிடித்துப் பார்த்து, இது டாக்டர் கை, எழுதி வச்சுக்கோ என்று சொன்னது நினைவிருக்கும். நான் எழுதி வைக்கவில்லையே தவிர அதை மறந்த நாள் கிடையாது. அன்றிலிருந்து இந்த வீட்டில் அவளுக்கு டாக்டரம்மா என்றுதான் பெயர். டாக்டரம்மா பால் குடித்தாளா, டாக்டரம்மாவுக்குப் பல் விழுந்துவிட்டதா, டாக்டரம்மா கணக்கில் ஏன் கோட்டை விட்டாள், இப்படியே அவள் பதினோராம் வகுப்புக்கும் வந்துவிட்டாள். இந்த நிலையில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்ந்து ஒரு நாள் ஏற்பாடு செய்திருக்கிறார்களாம். மருத்துவத் துறையில் என்னென்ன வேலைகள் உண்டு என்பதைப் பிள்ளைகள் சும்மா காதால் கேட்டுவிட்டுப் போகாமல் தங்கள் கையாலேயே செய்து பார்க்க வேண்டுமாம், பெற்றவர்களில் ஒருவர் கூட வரலாமாம். வரலாம் என்றுதான் போட்டிருந்தது, வந்தே தீரவேண்டும் என்று போடவில்லை என்று உன் தம்பி பெண்டாட்டி இப்போது சொல்கிறாள். அப்போது வாயே திறக்கவில்லை. (திறந்தேன், அண்ணி. கடைக்கு லீவு போடாதீங்க, அவ தனியா போய் வரட்டும்னு தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்.) என் திட்டம் மிகச் சாதாரணமானது. ஸ்டெதஸ்கோப்பை மகள் கழுத்தில் மாட்டி நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்து உனக்கு அனுப்ப வேண்டும், நீ அதைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும், அவ்வளவுதான். அதற்காகவே புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். எனக்கு எதற்குப் புதுச் சட்டை என்று கேட்காதே, போட்டோவில் ஓரமாக நானும் நிற்பதாக இருந்தேன்.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஒரு நீளமான கூடம். சாப்பாட்டுக் கூடமாக இருந்திருக்க வேண்டும், சுவரில் கைகழுவும் குழாய்கள் வரிசையாக இருந்தன. மேஜை மேஜையாகப் போட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளை நிறுத்தியிருந்தார்கள். ஒரு மேஜையில் பஞ்சுமெத்தைத் துண்டைக் கிழித்துவைத்து, பிள்ளைகள் வளைந்த ஊசியால் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றில் எக்ஸ்ரே படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எந்த எலும்பு உடைந்தது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். இன்னொன்றில் மருந்தாளுநர் சர்க்கரை மாத்திரைகளை எண்ணிப் பொட்டலம் கட்டச் சொல்ல, ஒரு பையன் எண்ணுவதும் தின்பதுமாக இருந்தான். டாக்டர் மேஜை என்று பார்த்தால் ஒரே ஒரு மேஜை, கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருகிற வரிசை. நான் போய் வரிசையில் இடம் பிடித்துவிட்டுத் திரும்பினால் மகளைக் காணவில்லை. அவள் எங்கோ சக்கர நாற்காலியில் ஒரு தோழியை உட்காரவைத்து, படியில் இறக்குவதற்கு முன்பக்கமாக இறக்கணுமா பின்பக்கமாகவா என்று யாரோடோ வாதம் பண்ணிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா, இங்கே வா என்று கூப்பிட்டேன். கூடத்தில் இருந்த டாக்டரம்மாக்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள், இவள் மட்டும் திரும்பவில்லை.

வரிசை நகர்கிறபாடாக இல்லை. சும்மா நிற்க முடியாதவன் நான், உனக்குத் தெரியும். பக்கத்து மேஜையில் நெஞ்சை அமுக்கி உயிர் கொடுக்கப் பழகும் பொம்மைகளைப் படுக்கப்போட்டிருந்தார்கள். அக்கா, நான் துணிக்கடையில் பொம்மைகளுக்கு உடுப்பு மாட்டியே தலை நரைத்தவன். பொம்மை என்றால் எனக்கு ஒரு மரியாதை உண்டு. இங்கேயோ இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை, மேலேயும் துணியில்லை, வாயைப் பிளந்துகொண்டு அநாதையாகக் கிடக்கின்றன. மனசு கேட்கவில்லை. ஆணியில் தொங்கிய வெள்ளைக் கோட்டுகளை எடுத்து ஒவ்வொன்றுக்கும் மாட்டி, கழுத்துவரை பட்டன் போட்டு, காலரை நீவி, கைச்சுருக்கத்தை எடுத்துவிட்டு, தலைக்குக் கீழே ஆளுக்கொரு துண்டும் மடித்துவைத்தேன். அடுத்த கூட்டம் வந்தது. நர்ஸ் அம்மா விசில் ஊதினார். பிள்ளைகள் பாய்ந்து வந்து நெஞ்சைத் தேடினால் பட்டன்தான் கிடைக்கிறது. ஒரு பெண் அவசரத்தில் பட்டனைப் பிய்த்தெறிய, அது மருந்தாளுநர் மூக்கில் போய் விழுந்தது. நர்ஸ் அம்மா என்னை ஓரமாக அழைத்து, மிகவும் மரியாதையாக, "சார், இங்க உயிர் போயிட்டிருக்கு, நீங்க காலர் சரி பண்ணிட்டிருக்கீங்க" என்றார். நான் என்ன பதில் சொல்வது. காலர் நன்றாக நின்றது என்பதை மட்டும் சொல்லிவைத்தேன்.

இவனை ஒரே இடத்தில் உட்காரவைத்தால்தான் சரி என்று அவரே முடிவு பண்ணியிருக்க வேண்டும். மாவுக்கட்டுப் போடும் மேஜைக்கு ஆள் தேவை என்று என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார். கட்டுப் போட வந்த குழுவில் மகளும் இருந்தாள். கையை உங்களுக்கு வசதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எனக்கு வசதி என்றால் என்ன, வாழ்நாள் முழுக்கப் பொம்மைக் கையைப் பார்த்தவனுக்கு அதுதான் வசதி. முழங்கையை மடித்து, உள்ளங்கையை வானம் பார்க்க நீட்டி, விரல்களை லேசாக விரித்து, வாங்க வாங்க என்று வாடிக்கையாளரை அழைக்கிற மாதிரி வைத்தேன். நனைத்த மாவுத்துணி வெதுவெதுப்பாக இருந்தது, சுகமாகக்கூட இருந்தது. பிள்ளைகளுக்கோ உற்சாகம் தாங்கவில்லை, சுற்று மேல் சுற்று. மகள்தான், போதும், போதும், அவருக்கு உள்ள காத்து போகணும் என்று தடுத்துக்கொண்டிருந்தாள். காய்ந்தபோது என் கை கருங்கல்லாகிவிட்டது. சாயங்காலம் எல்லாம் முடிந்த பிறகு மிஷின் வைத்து அறுத்துவிடுவோம், அதுவரை உலாத்துங்கள் என்றார் கட்டுப்போடுகிறவர். அந்த ஆள் உலாத்துங்கள் என்று சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

உலாத்தினேன். கூடத்தை ஒட்டி ஒரு சின்ன அறை, பாதி கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரே ஒரு கட்டில், அதில் ஒரு பொம்மை. காலையிலிருந்து எத்தனையோ பொம்மைகளைப் பார்த்துவிட்டேன், ஆனால் இது வேறு தரம். முழு உடம்பு, காலும் உண்டு. ஆஸ்பத்திரி அங்கி. ஒரு பக்கம் வாய் கோணி, கண் மூடி, காதுக்குள்ளே மயிர்கூட வைத்திருந்தார்கள். வெளிநாட்டுச் சரக்காக இருக்கும் என்று வியந்துபோய் நின்றேன். ஆனால் கையை மட்டும் யாரோ தெரியாத்தனமாக மாட்டியிருந்தார்கள். கட்டிலுக்கு வெளியே தொங்கியது, உள்ளங்கை பின்பக்கம் பார்த்திருந்தது. எங்கள் கடையில் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் செய்கிற அதே தப்பு. இடது கையை வலது தோளில் மாட்டிவிடுவார்கள். அதைச் சரிசெய்ய வழி ஒன்றுதான். தூக்கி, கால்வாசி வட்டம் திருப்பி, ஒரு இழு. நான் தூக்கினேன். கால் வட்டம் திருப்பினேன். மாவுக்கட்டுப் போட்ட கையை அதன் நெஞ்சில் ஊன்றிக்கொண்டு, நல்ல கையால் இழுத்தேன். வரவில்லை. பூட்டு துருப்பிடித்திருக்கும் என்று கட்டில் காலில் என் காலை முட்டுக்கொடுத்து இன்னொரு இழு இழுத்தேன். அப்போது அந்தப் பொம்மை, கண்ணைத் திறக்காமல், கோணின வாயைக்கூட நேராக்காமல், தணிந்த குரலில், "சார், அது கழறாது" என்றது.

அக்கா, பொம்மை பேசினால் நீயாக இருந்தால் என்ன செய்வாய். நான் கையை அப்படியே விட்டுவிட்டேன். அது போய்க் கட்டில் சட்டத்தில் மோதியது. பதறித் திரும்பியதில் என் மாவுக்கட்டு அவர் நெற்றியில் ணங்கென்று விழுந்தது. அதற்குப் பிறகுதான் அவர் வாய் நேரானது, அம்மா என்று ஊரே கேட்கக் கத்தினார். அவர் யார் தெரியுமா, அந்த ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிப் பகுதிக்கே தலைவர். விழுந்து கிடப்பவர்களை எழுப்பி நடக்கவைப்பதுதான் அவர் வேலை. நோயாளிகளிடம் நட, நட என்று சொல்லிச் சொல்லி, நட சார் என்றே அவருக்குப் பெயர் வந்துவிட்டதாம். பக்கவாதம் வந்தவரை எப்படிப் புரட்டிப் படுக்கவைப்பது என்று பிள்ளைகளுக்குக் காட்ட, தானே நோயாளியாகப் படுத்திருந்திருக்கிறார். அசையாத ஆளிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதும் பாடத்தில் சேர்த்தியாம், ஆகவே யார் வந்து என்ன செய்தாலும் அசையக் கூடாது என்பது அவர் கொள்கை. கொள்கைக்கு ஓர் எல்லை வேண்டாமா. நான் முதல் தடவை தூக்கும்போதே எழுந்து உட்கார்ந்திருந்தால் இரண்டு பேருக்கும் நல்லது.

சரியாக அந்த நேரத்தில் அடுத்த குழு உள்ளே நுழைகிறது, முன்னால் நம் மகள். மற்ற பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள், சிலர் அலறினார்கள், ஒருத்தி ஓடியே போய்விட்டாள். பெற்ற தகப்பன் பேயறைந்த மாதிரி நிற்கிறேன். அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அக்கா. நேராகப் போய் மண்டிபோட்டு உட்கார்ந்து, அந்த மனுஷனின் முழங்கையைத் தன் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, "சார், விரல் அசையுதா? எங்கயாவது மரத்துப் போயிருக்கா?" என்று கேட்டாள். கழுத்திலிருந்த துணியை அவிழ்த்துக் கைக்குத் தூளி கட்டினாள். என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று, அப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நான் தள்ளி நின்றேன், அப்படியே தள்ளித் தள்ளிக் கதவுக்கு வெளியே போய், பின்படி வழியாக இறங்கி, பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். கட்டை அறுக்க வேண்டும் என்பது பஸ் பாதி தூரம் வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. நீட்டின கையோடு பஸ்ஸில் நிற்க, கண்டக்டர் உள்பட ஆளாளுக்கு என் கையில் சில்லறை வைத்தார்கள்.

அன்றிலிருந்து மகள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஏன் என்றால், நல்லாச் செய்கிற ஒருவரைப் பொறுக்கியெடுத்து, அந்த நட சார் விடுமுறை முழுக்கத் தன்னோடு வைத்துப் பயிற்சி கொடுப்பாராம், இடமே ஒன்றுதானாம், அதைத்தான் இவள் மனசில் வைத்திருந்தாளாம். பொறுக்க வேண்டிய மனுஷனின் கையை நான் கழற்றப் பார்த்துவிட்டேன். எனக்கு எப்படித் தெரியும் சொல். பேச்சு எல்லாம் அம்மா வழியாகத்தான். அம்மா, உன் வீட்டுக்காரரைக் கட்டைப் பிரிச்சுக்கச் சொல்லு என்பாள் மகள். சொல்லிட்டேன், மாட்டேங்கறார் என்பாள் உன் தம்பி பெண்டாட்டி. ஆஸ்பத்திரிப் பக்கம் தலைகாட்ட எனக்கு வெட்கமாக இருந்தது, அதுதான் உண்மை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அத்தனை கோபத்திலும் அவள் என் பக்கத்தில் வந்து உட்காருவாள், ஒரு வார்த்தை பேசாமல் என் விரல் நகத்தை அழுத்துவாள், நகம் வெளுத்து மறுபடி சிவக்கிறதா என்று பார்ப்பாள், முழங்கைக்குக் கீழே தலையணையைத் திருத்துவாள், எழுந்து போய்விடுவாள். கட்டு இறுகிவிட்டால் விரலுக்கு ரத்தம் போகாதாம். சாப்பிடும்போதும் வந்து அழுத்துவாள், தூங்கிக்கொண்டிருந்தாலும் அழுத்துவாள். நான் தூங்குகிற மாதிரி நடித்துக்கொண்டு கிடப்பேன், கண்ணைத் திறந்தால் போய்விடுவாளோ என்று. (இந்த இடத்தில் அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார், அண்ணி. தண்ணீர் கொடுத்து மறுபடி சொல்ல வைத்தேன்.)

கடைக்குப் போனேன். கையைப் பார்த்த முதலாளி அனுதாபப்பட்டார் என்றா நினைக்கிறாய். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார், உள்ளே போனார், மூன்று கைப்பைகளைக் கொண்டுவந்து என் கையில் மாட்டினார், கழுத்தில் பாதி விலை என்று ஓர் அட்டையையும் தொங்கவிட்டு வாசலில் நிறுத்திவிட்டார். சும்மா நிக்கிறதுக்கு இப்படி நில்லு என்றார். வருகிறவர்கள் என்னைத் திருப்பிப் பார்த்தார்கள், பையை இழுத்துப் பார்த்தார்கள். ஓர் அம்மாள் தன் தங்கையிடம், எல்லாம் சரிதான், பொம்மைக்கு முகத்தை இன்னும் கொஞ்சம் இளசாப் பண்ணியிருக்கலாம் என்றாள். யாரும் கேட்காமல் தொட்டால் எவ்வளவு கூசுகிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த நட சாரை நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே என் தோள்பட்டையை யாரோ பின்பக்கமாகத் தட்டி, சட்டைக் காலரை விலக்கிப் பார்த்து, "முதலாளி, இது எங்க கழறும்?" என்று கேட்டார்கள். திரும்பினால் நட சார். ஒரு கை தூளியில், நெற்றியில் பிளாஸ்திரி.

அடிக்க வந்திருக்கிறார் என்றுதான் கண்ணை மூடிக்கொண்டேன். அவர் அங்கேயே இருந்த முக்காலியில் உட்கார்ந்து, நோகிற தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். கையிலிருந்த பைகளோடு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்டேன், அது கிடக்கட்டும் என்றார், பள்ளிக்கூடத்தில் கடையை விசாரித்துக்கொண்டு வந்தாராம். என் நகத்தை அழுத்திப் பார்த்து, யாரோ நல்லாக் கவனிக்கிறாங்க என்றார். அன்றைக்கு அந்த அறையில் எல்லாப் பிள்ளைகளும் அவர் முகத்தைப் பார்த்தார்களாம், இவள் ஒருத்திதான் கையைப் பார்த்தாளாம். இடம் உங்க பெண்ணுக்குத்தான், பெற்றவர் கையெழுத்துப் போட்டுத் திங்கட்கிழமை கொண்டுவந்தால் போதும் என்று ஒரு படிவத்தை என் கைப்பைகளில் ஒன்றுக்குள் வைத்தார். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை, உன் முகம்தான் எதிரே வந்தது. சார், அவ டாக்டருக்குப் படிக்கிற பொண்ணு, நடக்கிறதுக்கெல்லாம் ஒரு படிப்பா, பச்சைக் குழந்தை தானா நடக்குதே என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "விழுந்தவங்களைக் கேட்டுப் பாருங்க" என்றார். எழுந்து, ஒரு கைப்பையைப் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை படிவத்தை மேஜையில் வைத்தேன். மகள் பார்த்தாள், எத்தனையோ நாளுக்குப் பிறகு நேராக என்னிடம் பேசினாள். "அப்பா, டாக்டர் வந்து பாத்துட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிடறாங்க. போகத்தான் வேணும், அது அவங்க வேலை. ஆனா அதுக்கப்புறம் அந்த ஆள் எழுந்து பாத்ரூம் வரைக்கும் போகணுமே. அதுக்குப் பக்கத்துல ஒருத்தர் வேணும். அந்த ஒருத்தரா நான் இருக்கேன்பா." கையில கட்டு இருக்கே, எப்படிக் கையெழுத்துப் போடறது என்றேன். நான் பிரிச்சு விடறேன் என்றாள். வேண்டாம், பழகிடுச்சு, இருக்கட்டும் என்றேன். அக்கா, உன்னிடம் சொல்வதற்கென்ன, இந்த மாவுக்கட்டுக்குள் நான் ஒளிந்துகொண்டிருக்கிறேன். இது இருக்கிறவரைக்கும் சரி என்றும் சொல்ல வேண்டாம், மாட்டேன் என்றும் சொல்ல வேண்டாம். அவள் ஆசை தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பயமாக இருக்கிறது. நான் இத்தனை வருஷம் தூக்கினதெல்லாம் வலிக்காத உடம்பு. அவள் தூக்கப்போவதெல்லாம் வலிக்கிற உடம்பு. என் பெண் மெல்லிசு, ஊரார் வலியை நாளெல்லாம் தாங்கினால் அவளுக்கு என்ன ஆகும். அதைவிட, உனக்கு நான் என்ன பதில் சொல்வது. அப்பா அம்மா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கினவள் நீ, நீ கேட்டது ஒரே ஒரு டாக்டர்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். இந்தக் கடிதம் கண்டவுடன், ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ போன் பண்ண வேண்டும். உனக்கே உரிய அந்தக் குரலில், இதெல்லாம் ஒரு வேலையா, ஒழுங்கா டாக்டருக்குப் படி என்று அவளிடம் ஓர் அதட்டுப் போட வேண்டும். என்னால் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை, நீ சொல்லிவிட்டால் பழி உன்மேல், எனக்கு நிம்மதி. அத்தானுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசிகளை ஆளுக்குச் சமமாகப் பிரித்துக் கொடுக்கவும். உன் திட்டுக்காகக் காத்திருக்கும், என்றும் உனக்குக் கீழ்ப்படிந்த தம்பி. கையெழுத்து இடம் காலி, காரணம் மேலே சொல்லப்பட்டிருக்கிறது.

பின்குறிப்பு: அண்ணி, இனி எழுதுவதும் நான், சொல்வதும் நான். இந்தக் கடிதத்தை அன்றைக்கே தபாலில் போடச் சொன்னார். போட்டுவிட்டேன் என்று சொன்னேன், போடவில்லை. மேலே எழுதியிருப்பது எல்லாம் அவர் சொன்னபடிதான், ஆனால் அதில் கேட்டிருக்கிற எதையும் நீங்கள் செய்ய வேண்டாம். என்மேல் கோபம் வந்தால் நேரில் வந்து திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மணி அடிக்கும்போதெல்லாம் எழுந்து நின்றார், வேறு யாரோ என்றதும் உட்கார்ந்தார். உட்காரும்போது அவர் முகம் வாடவில்லை, அண்ணி, நன்றாகத் தெளிந்ததைப் பார்த்தேன். மத்தியானத்துக்கு மேல் அவரே போனைத் திரும்பிப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். சாயங்காலம் வாளியில் வெந்நீர் பிடித்து, வினிகர் கலந்தால் கட்டு இளகும் என்று எப்போதோ மகள் என்னிடம் சொன்னதை ஒட்டுக்கேட்டிருக்கிறார் போல, அதையும் ஊற்றி, கையை முக்கிக்கொண்டு அவள் எதிரே போய் உட்கார்ந்து, "கட்டைப் பிரி, கையெழுத்துப் போடணும்" என்றார். அவள் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். பிரித்து முடிக்கும்வரை இரண்டு பேரும் அழுததை இரண்டு பேரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள், நானும் அடுப்படியில் வேலை இருக்கிற மாதிரி இருந்தேன். கை மெலிந்து வெளுத்துப்போய் வந்தது, மடங்கினது மடங்கினபடியே நின்றது. அந்தக் கையாலேயே போட்டார். எழுத்து எங்கெங்கோ போயிற்று.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி ஆபீஸில் இருந்த அம்மா அந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, இது பெரியவங்க போட்டதா, சின்னப் பிள்ளை போட்டதா என்று கேட்டார்களாம். எங்க அப்பா போட்டதுதான், அவர் கையை நான்தான் சரி பண்ணிட்டிருக்கேன் என்று நம் பெண் சொன்னாளாம். அவர் பின்னாலேயே நின்றிருக்கிறார், வீட்டுக்கு வந்து அதை என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறார். விடுமுறைப் பயிற்சிக்கு அவள் போக ஆரம்பித்துவிட்டாள். வரும்போது கால் வலிக்க வருகிறாள், முகம் மட்டும் வாடவில்லை. நீங்கள் போன் பண்ணுங்கள், கட்டாயம் பண்ணுங்கள், ஆனால் அவரிடம் கேட்க வேண்டாம், அவளிடமே என்ன செய்தாய் என்று கேளுங்கள். ஒரு பாட்டம் கேட்டுப் பாருங்கள், அப்புறம் உங்கள் இஷ்டம்.

தினமும் காலையில் அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக நீட்டவைக்கிறாள். கடையில் இழுக்கிற மாதிரி இழுத்தால் ஒரே நாளில் நேராகிவிடுமே என்றார். அப்படி இழுக்கக் கூடாதுப்பா, வலிச்சா உடனே சொல்லுங்க, நிறுத்திடறேன் என்று சொல்லிவிட்டுத்தான் தொடுகிறாள். அவர் நெற்றியெல்லாம் வியர்க்கிறது, பல்லைக் கடித்துக்கொள்கிறார், ஆனால் இதுவரை ஒரு தடவைகூட வலிக்கிறது என்று சொல்லவில்லை. நேற்று அவள் போன பிறகு, ஏன் இப்படி அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க, வாயைத் திறந்து சொல்லக் கூடாதா என்று கேட்டேன்.

"சொன்னா நிறுத்திடுவாளே" என்றார்.